மண்ணால் எழுந்த பள்ளி

நுழையும்முன்

உயர்கல்வி ஒருவரைப் பிறந்த ஊரிலிருந்து நெடுந்தொலைவு அழைத்துச் செல்லக்கூடும். அங்குக் கற்றதை ஊருக்குப் பயன்படுமாறு திருப்பிக் கொண்டுவருவது எளிதன்று. மேற்கு ஆப்பிரிக்கச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஜெர்மனிக்குச் சென்று கட்டடக்கலை பயின்ற மாணவர் ஒருவர், பட்டம் பெறுவதற்கு முன்பே தம் ஊர்க் குழந்தைகளுக்கு ஒரு பள்ளியைக் கட்டிக் கொடுத்தார். அவர் வரைந்த படத்தை முதலில் ஐயுற்றவர்களும் அவ்வூர் மக்களே. பின்னர் அதைத் தம் கைகளால் கட்டி முடித்தவர்களும் அவர்களே. அவ்வரலாற்றின் வழியாகக் கட்டடக்கலைக் கல்வியின் இயல்பை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஊரின் முதல் மாணவர்

மேற்கு ஆப்பிரிக்காவில் கடற்கரை இல்லாத நாடுகளுள் ஒன்று புர்க்கினா பாசோ. 1960ஆம் ஆண்டு விடுதலை பெற்றபோது அதன் பெயர் மேல் வோல்ட்டா; 1984இல் இன்றைய பெயரைப் பெற்றது. அந்நாட்டின் தென்கிழக்குப் பகுதியில் உள்ள சிற்றூர் காண்டோ. மண் சுவரும் புல் கூரையும் கொண்ட வீடுகள், அவற்றைச் சூழ்ந்த தானிய வயல்கள், கோடையில் 40 பாகைக்கு மேல் ஏறும் வெயில், சில திங்களே நீடிக்கும் கடுமழை ஆகியவை அவ்வூரின் அடையாளங்கள்.

அங்கு 1965ஆம் ஆண்டு ஊர்த்தலைவரின் மூத்த மகனாகப் பிறந்தவர் டியெபேடோ பிரான்சிஸ் கெரே. அக்காலத்தில் காண்டோவில் பள்ளி இல்லை. எனவே, ஏழு வயதில் பெற்றோரைப் பிரிந்து, டென்கொடோகோ என்னும் நகரிலிருந்த உறவினர் வீட்டில் தங்கிப் படிக்க நேர்ந்தது. அவ்வூரிலிருந்து பள்ளிக்குச் சென்ற முதல் குழந்தை அவரே.

விடுமுறை முடிந்து அவர் ஊரை விட்டுப் புறப்படும் ஒவ்வொரு முறையும் ஊர்ப்பெண்கள் தம் ஆடையில் முடிந்து வைத்திருந்த கடைசிக் காசை எடுத்து அவர் கையில் கொடுப்பார்களாம். ஏன் எல்லாரும் தமக்குக் காசு தருகிறார்கள் என்று தாயிடம் கேட்டபோது, அது அவருடைய படிப்புக்கு ஊர் செலுத்தும் பங்கு என்றும், ஒருநாள் அவர் திரும்பிவந்து ஊரை உயர்த்துவார் என்பது அப்பெண்களின் நம்பிக்கை என்றும் தாய் விளக்கினார். பிற்காலத்தில் மேடைகளில் பேசும்போது கெரே இந்நிகழ்வை நன்றியுடன் நினைவுகூர்ந்திருக்கிறார். அக்காசு ஒரு கடனாகவே அவர் நெஞ்சில் தங்கிவிட்டது.

அவர் படித்த வகுப்பறை சிமெண்ட் கற்களால் கட்டப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் நெருங்கி அமர்ந்திருந்தனர். காற்றோட்டமும் வெளிச்சமும் குறைவு. வெயில் ஏற ஏற அறை அடுப்புபோல் கொதித்தது. கற்பதற்காகக் கட்டப்பட்ட இடமே கற்றலுக்குத் தடையாக இருந்ததை அவர் உடலால் உணர்ந்தார். எந்த நூலும் தருவதற்கு முன்பே அவ்வறை அவருக்குக் கட்டடக்கலையின் முதல் பாடத்தைத் தந்தது.

தச்சுப் பட்டறையிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு

கெரே முதலில் கற்ற தொழில் தச்சு. 1985ஆம் ஆண்டு, தச்சுத் தொழிற்பயிற்சிக்கான உதவித்தொகை பெற்று ஜெர்மனியின் பெர்லின் நகருக்குச் சென்றார். பகலில் கூரை அமைப்பதையும் அறைகலன் செய்வதையும் கற்றார். இரவில் மேல்நிலைக் கல்விக்கான வகுப்புகளுக்குச் சென்றார். பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கான தகுதியை இவ்வாறு உழைத்துப் பெற்றார். 1995இல், தம் முப்பதாம் வயதில், பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயில உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது.

உடன் பயின்ற இளைஞர் பலர் வரைபலகையின் முன்பு அமர்ந்து கட்டடத்தைக் கற்பனை செய்தபோது, மரத்தை அறுத்தும் இழைத்தும் பழகிய கைகளோடு அவர் அங்கு நுழைந்தார். வயதில் பிந்தியவர், பட்டறிவில் முந்தியவர்.

கட்டடக்கலை மாணவர் கற்பது என்ன?

கட்டடம் ஒன்றுக்கு உறுதி, பயன், அழகு ஆகிய மூன்றும் வேண்டும் என்று ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு உரோமைக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் எழுதினார். கட்டடக்கலைக் கல்வி இன்றும் இம்மூன்றையும் சேர்த்தே பயிற்றுவிக்கிறது. சுமையைத் தாங்கும் முறையைப் பற்றிய கட்டமைப்பியல், கல், மண், மரம், இரும்பு முதலியவற்றின் இயல்பைக் கூறும் பொருளறிவு, வெயிலும் காற்றும் மழையும் கட்டடத்தைத் தாக்கும் விதத்தை ஆராயும் காலநிலையியல், பல நாட்டுக் கட்டடங்களின் வரலாறு, நகரமைப்பு, மதிப்பீடு, கட்டுமானச் சட்டம் எனப் பாடங்கள் பலவாக விரிகின்றன.

ஆயினும், இக்கல்வியின் நடுநாயகமாக விளங்குவது வடிவமைப்புக் கூடம். அங்கு ஆசிரியர் விரிவுரை ஆற்றுவதில்லை. ஓர் இடமும் ஒரு தேவையும் மாணவர்க்குத் தரப்படும். ஐம்பது குழந்தைகள் படிக்கும் தொடக்கப்பள்ளி, மீனவர்க்கான ஏலக்கூடம், பேருந்து நிலையத்தை ஒட்டிய நூலகம் என அத்தேவை அமையலாம். மாணவர் அவ்விடத்திற்கு நேரில் சென்று அளக்க வேண்டும். கதிரவன் எத்திசையில் எழுந்து எங்குச் சாய்கிறான் என நோக்க வேண்டும். அங்கு வாழ்பவரிடம் பேச வேண்டும். பின்னர்த் தரைப்படம், முகப்புத் தோற்றம், வெட்டுத் தோற்றம் ஆகியவற்றை வரைந்து, அட்டையாலோ மரத்தாலோ சிறு உருமாதிரி செய்து, நடுவர் குழுவின்முன் வைத்து விளக்க வேண்டும்.

நடுவர்களின் வினாக்கள் எளிய சொற்களில் வரும். விடைதான் எளிதில் வாராது. இச்சன்னல் ஏன் மேற்கு நோக்கியிருக்கிறது? மழைநீர் எங்கே வடியும்? சக்கர நாற்காலியில் வருபவர் எவ்வழியே நுழைவார்? விடை இல்லையெனில் படத்தைத் திருத்தி மீண்டும் வரைய வேண்டியதுதான். பல இரவு உழைத்து வரைந்ததைப் பலர் முன்னிலையில் குறை கூறக் கேட்பது மாணவர்க்கு வருத்தம் தரும். எனினும், தாளில் உள்ள பிழையை அழித்துவிடலாம். சுவராக எழுந்த பிழையோடு மக்கள் பல்லாண்டு வாழ வேண்டியிருக்கும். இதை உணர்ந்த மாணவர் குறை கூறுபவரைப் பகைவராக எண்ணுவதில்லை.

மண்ணா, சிமெண்டா?

கெரே பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்தபோதே காண்டோவுக்கு ஒரு நல்ல பள்ளி தேவைப்பட்டது. படிப்பு முடியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1998ஆம் ஆண்டு நண்பர்களுடன் சேர்ந்து, காண்டோ பள்ளிக்கு நிதி திரட்டுவதற்காக ஓர் அமைப்பைத் தோற்றுவித்தார். காப்பிக்கும் வெண்சுருட்டுக்கும் செலவிடும் பணத்தைச் சற்றே குறைத்துக்கொண்டு பள்ளிக்குத் தருமாறு உடன் பயின்றவர்களிடம் கேட்டார். இவ்வாறு இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 50,000 அமெரிக்க டாலர் திரண்டது.

நற்செய்தியோடு ஊர் திரும்பியவரை மக்கள் மகிழ்ந்து வரவேற்றனர். ஆனால், பள்ளியை மண்ணால் கட்டப்போவதாக அவர் கூறியதும் அம்மகிழ்ச்சி அடங்கியது. மண் வீடு ஒரு மழைக்காலத்தைத் தாங்குவதே அரிது என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள். ஆண்டுதோறும் கரைந்த சுவரைப் பூசிப் பூசிச் சலித்தவர்கள் அவர்கள். இத்தனை ஆண்டுகள் வெளிநாட்டில் படித்தது மீண்டும் மண்ணைக் காட்டுவதற்குத்தானா என்னும் ஐயம் அவர்களுக்கு எழுந்தது. அவ்வையம் அறியாமையால் எழுந்ததன்று. நகரத்தின் அரசுக் கட்டடங்கள் எல்லாம் கான்கிரீட்டால் உயர்ந்து நிற்க, மண் ஏழ்மையின் அடையாளமாக அவர்கள் கண்ணுக்குத் தோன்றியது. தம் குழந்தைகளுக்கு அவர்கள் விரும்பியது உயர்ந்ததையே.

கெரேவிடமும் வலிய காரணங்கள் இருந்தன. சிமெண்டைத் தொலைவிலிருந்து விலைகொடுத்து வாங்கிவர வேண்டும்; களிமண்ணோ காலடியில் கிடைக்கிறது. சிமெண்ட் வகுப்பறையின் வெக்கையை அவரே துய்த்தவர். தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தை விரைவில் உள்ளே விடாது. ஆகவே, குறை மண்ணில் இல்லை. மண்ணைக் கையாளும் முறையில்தான் இருக்கிறது என்பது அவர் முடிவு. மண்சுவரின் பகை நீர். அடியிலிருந்து ஏறும் ஈரத்தையும் மேலிருந்து அடிக்கும் சாரலையும் தடுத்துவிட்டால் மண் நிலைத்து நிற்கும். அதற்கான விடையை அவர் வரைந்தார். படம் படிக்க அறியாதவர்க்கும் விளங்குமாறு பேசிப் பேசி ஊரை இணங்கச் செய்தார்.

வெப்பத்தை வென்ற கூரை

களிமண்ணோடு சிறிதளவு சிமெண்டைக் கலந்து, அச்சில் அழுத்தி, உலர்த்திய கற்களே சுவராயின. சூளையில் சுடாததால் விறகு தேவைப்படவில்லை. மூன்று வகுப்பறைகள் ஒரே வரிசையில் அமைந்தன. அவற்றுக்கு இடையிடையே கூரையுடன் கூடிய திறந்தவெளிகள் விடப்பட்டன. அவ்வெளிகளில் குழந்தைகள் விளையாடலாம், வகுப்பும் நடத்தலாம்.

இப்பள்ளியின் தனிச்சிறப்பு அதன் இரட்டைக் கூரை ஆகும். வெப்பநாடுகளில் நெளிதகட்டைச் சுவரின்மேல் நேரே போட்டு மூடுவது வழக்கம். வெயிலில் காயும் தகடு தன் வெப்பத்தைக் கீழே இருப்பவர்மேல் இறக்கும். கெரே அதே தகட்டையே பயன்படுத்தினார். ஆனால், அதை மேலே தூக்கி நிறுத்தினார். வகுப்பறையின் மேல் இடைவெளிகளுடன் கூடிய மண்கல் உட்கூரை ஒன்று அமைந்தது. அதற்குமேல், மெல்லிய இரும்புக் கம்பிகளால் ஆன தாங்கு சட்டங்களின்மீது தகட்டுக் கூரை தனியே நின்றது. இரண்டிற்கும் இடையே காற்று தடையின்றி ஓடியது.

இதன் பயனைக் காற்றின் இயல்பைக்கொண்டே விளங்கிக்கொள்ளலாம். சூடான காற்று எடை குறைந்து மேலெழும். வகுப்பறையின் வெப்பக்காற்று உட்கூரையின் இடைவெளிகள் வழியாக வெளியேறுகிறது. அவ்விடத்தை நிரப்பச் சன்னல்கள் வழியே குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மின்விசிறியோ குளிரூட்டும் பொறியோ இல்லாமலேயே அறை குளிர்கிறது. சுவரைக் கடந்து அகலமாக நீளும் அத்தகட்டுக் கூரையே மழைச்சாரல் மண்சுவரைத் தொடாமலும் காக்கிறது. ஊர்மக்கள் எழுப்பிய ஐயத்திற்கும் தம் பள்ளிப்பருவ வெக்கைக்கும் ஒரே கூரையால் அவர் விடை கண்டார்.

தெரிந்து தெளிவோம்

சிறிதளவு சிமெண்ட் கலந்து அச்சில் அழுத்திச் செய்யும் மண்கற்கள் தமிழ்நாட்டுக்கும் புதியன அல்ல. புதுச்சேரியை அடுத்துள்ள ஆரோவில்லில் இவ்வகைக் கற்களால் எழுந்த கட்டடங்கள் பல உள்ளன. இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையைப் பரவச் செய்தார். இதனால் செங்கல் செலவு குறைகிறது. நடுவிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. இவருக்கு 1990ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஊர் கூடிக் கட்டிய பள்ளி

வரைபடம் எவ்வளவு சிறந்ததாயினும், காண்டோவில் பாரந்தூக்கிப் பொறிகள் இல்லை. பெரிய சட்டங்களைத் தொலைவிலிருந்து ஏற்றிவரவும் வழியில்லை. அதனால்தான் எளிதில் வளைக்கவும் இணைக்கவும் கூடிய கம்பிகளைக் கெரே தேர்ந்தெடுத்தார். கைவாளையும் சிறிய பற்றவைப்புக் கருவியையும் கையாளக் கற்றுக்கொடுத்தால் ஊர் இளைஞர்களே அவ்வேலையைச் செய்துவிட முடியும். செய்பவர் யார், அவர் கையில் உள்ள கருவி எது என்பவற்றையும் எண்ணி வரையப்பட்ட வடிவம் அது.

கடைக்கால் போடுவதற்குக் குழந்தைகள் கற்களைப் பொறுக்கி வந்தனர். மண்கல் அறுப்பதற்குப் பெண்கள் நீர் சுமந்தனர். தரை அமைக்கும் பணியில் ஊரின் பழைய முறையே பின்பற்றப்பட்டது. முதலில் இளைஞர்கள் வரிசையாக நின்று மண்ணை மணிக்கணக்கில் இடித்து இறுக்கினர். பின்னர்த் தாய்மார்கள் அமர்ந்து நீர் தெளித்துத் தெளித்துத் தட்டினர். இறுதியாக, வழவழப்பான கல்லைக்கொண்டு தேய்த்து மெருகேற்றினர். பல்கலைக்கழகத்தில் கற்றதும் பாட்டிமார் கையிலிருந்து வந்ததும் ஒரே தரையில் கலந்தன.

2001ஆம் ஆண்டு பள்ளி நிறைவுற்றது. மாணவர் எண்ணிக்கை 120இலிருந்து படிப்படியாக உயர்ந்து 700ஐ எட்டியது. ஆசிரியர் குடியிருப்பு, பள்ளியின் விரிவாக்கம் எனப் பணிகள் தொடர்ந்தன. முதல் கட்டடத்தில் தொழில் கற்ற ஊர்மக்களே அடுத்தடுத்த கட்டடங்களில் கைதேர்ந்த தொழிலாளர் ஆயினர்.

பட்டமும் பரிசும்

2004ஆம் ஆண்டு கெரே தம் 39ஆம் வயதில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் முதுநிலைக்கு இணையான கட்டடக்கலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு காண்டோ தொடக்கப்பள்ளிக்குக் கட்டடக்கலைக்கான ஆகாகான் விருது கிடைத்தது. மாணவராக இருந்தபோது எழுப்பிய முதல் கட்டடமே உலகின் கவனத்தை ஈர்த்தது.

2005இல் பெர்லினில் தம் அலுவலகத்தைத் தொடங்கிய அவர், ஆப்பிரிக்க நாடுகளிலும் ஐரோப்பாவிலும் பள்ளிகள், மருத்துவ நிலையங்கள், பொதுக்கூடங்கள் எனப் பல கட்டடங்களை வடிவமைத்தார். 2017ஆம் ஆண்டு இலண்டனின் செர்பன்டைன் கலைக்கூடத்திற்கு அவர் அமைத்த கோடைக்காலக் கூடம், ஊர்ப் பொதுமரத்தின் நிழலை நினைவூட்டும் வடிவம் கொண்டது. கட்டடக்கலையின் நோபல் எனப் போற்றப்படும் பிரிட்ஸ்கர் பரிசு 2022இல் அவருக்கு வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2018இல், அதே பரிசைப் பெற்ற முதல் இந்தியர் பாலகிருஷ்ண தோஷி. எளிய மக்களுக்காக இந்தூரில் அவர் வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பில், குடும்பங்கள் தம் வருவாய் உயர உயர வீட்டைத் தாமே விரித்துக் கட்டிக்கொள்ள வழிவிடப்பட்டது. இருவரும் வாழப்போகும் மக்களைக் கட்டடத்தின் பங்காளிகளாக மதித்தனர்.

இந்தியாவில் கட்டடக்கலைக் கல்வி

இந்தியாவில் கட்டடக்கலை இளநிலைப் பட்டப்படிப்பு ஐந்து ஆண்டுகள், அதாவது பத்துப் பருவங்கள் கொண்டது. கட்டடக் கலைஞர்கள் சட்டம், 1972 என்னும் நடுவண் அரசுச் சட்டத்தின்படி அமைந்த கட்டடக்கலை மன்றம், இக்கல்வியின் தரத்தை நெறிப்படுத்துகிறது. ஏற்பளிக்கப்பட்ட பட்டம் பெற்று, இம்மன்றத்தில் பதிவு செய்துகொண்டவரே கட்டடக் கலைஞர் என்னும் பெயரைத் தம் தொழிலுக்குப் பயன்படுத்தலாம். மருத்துவர்க்கும் வழக்கறிஞர்க்கும் உள்ளதைப் போன்ற சட்டப் பொறுப்பு இவர்க்கும் உண்டு.

மேல்நிலை வகுப்பில் கணிதமும் இயற்பியலும் பயின்றவர்கள் இப்படிப்பை நாடுகின்றனர். மன்றம் நடத்தும் நாட்டா எனப்படும் தேசியக் கட்டடக்கலை நுண்ணறித் தேர்வு, தேசிய நிறுவனங்களில் சேர்வதற்கான கூட்டு நுழைவுத் தேர்வின் கட்டடக்கலைத் தாள் ஆகியன நுழைவாயில்கள். வரையும் திறன், முப்பரிமாணத்தில் எண்ணிப் பார்க்கும் ஆற்றல், சுற்றுப்புறத்தை நோக்கும் கூர்மை ஆகியவற்றை அவை ஆராய்கின்றன. தமிழ்நாட்டில், கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகக் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி, திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம் முதலிய நிறுவனங்களில் இப்படிப்பு உள்ளது. சேர்க்கைத் தகுதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. ஆதலின், அவ்வாண்டுக்கான அறிவிப்பைப் படித்தறிந்து விண்ணப்பிப்பதே முறை.

பயிற்சிப் பருவத்தில் மாணவர், பதிவு பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவரின்கீழ்ப் பணியாற்ற வேண்டும். கொத்தனார், கம்பி கட்டுநர், தச்சர், சித்தாள் ஆகியோருடன் பேசிப் பழகும் காலம் அது. தாளில் மெல்லிய கோடாக இருந்தது வெயிலில் எத்தனை பேர் வியர்வையால் சுவராகிறது என்பதை அங்குத்தான் மாணவர் காண்கிறார்.

நிறைவாக

காண்டோவின் பெண்கள் கட்டடக்கலை என்னும் சொல்லை அறிந்து காசு கொடுக்கவில்லை. படித்துத் திரும்பி வருவான் என்று நம்பிக் கொடுத்தனர். கெரே அவர்களுக்கு வெளிநாட்டுக் கண்ணாடி மாளிகையைக் கொண்டுவரவில்லை. அவர்கள் மிதித்து நடந்த மண்ணையே மதிப்புடையதாக்கிக் காட்டினார். அதற்கு மண்ணை அறிந்த ஊரின் கையும் வேண்டியிருந்தது. மழையையும் வெப்பத்தையும் கணக்கிடக் கற்ற பல்கலைக்கழகப் படிப்பும் வேண்டியிருந்தது. காசு கொடுத்த கைகளே அப்பள்ளியின் தரையையும் மெருகேற்றின.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பறையில் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளிலும் வெயில் விழும் இடங்களைக் குறித்து, அதன் தரைப்படத்தை வரைக.

2. உங்கள் ஊரிலுள்ள பழைய வீடு ஒன்றைப் பார்வையிட்டு, அதன் சுவர், கூரை, திண்ணை, முற்றம் ஆகியவை வெப்பத்தையும் மழையையும் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ஊரில் உள்ள கொத்தனார் அல்லது தச்சர் ஒருவரைச் சந்தித்து, அவர் தொழிலில் வழங்கும் சொற்களைத் தொகுத்துப் பொருள் எழுதுக.

மதிப்பீடு

குறுவினா: மண்ணால் பள்ளி கட்டுவதைக் காண்டோ மக்கள் முதலில் ஏற்கத் தயங்கியது ஏன்?

சிறுவினா: காண்டோ பள்ளியின் இரட்டைக் கூரை வகுப்பறையைக் குளிர்விக்கும் முறையை விளக்குக.

நெடுவினா: ‘கட்டடத்தைப் பயன்படுத்துவோரும் கட்டுவோரும் அதன் வடிவமைப்பில் பங்குடையவர்கள்’ - இக்கருத்தைக் கெரேயின் பணிவழி நிறுவுக.